பொன்மணியோடு காய்ந்த கணினி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்குத் தார்ச்சாலையில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

மாசி பிறந்துவிட்டால் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சாலையில் பாதிதான் சாலை. மறுபாதி நெல் காயும் களம். பேருந்தே ஒதுங்கித்தான் போகும். அன்று பால் வாங்கக் கிளம்பியவள், அந்தோணிமுத்து அண்ணன் வீட்டுக்கு நேரே நின்றுவிட்டேன். பொன்மணி ரக நெல்லைப் பரப்பியிருந்த தார்ப்பாயின் ஓரத்தில், ஒரு பழைய வேட்டியின் மேல், ஒரு கணினியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பெட்டி தனி, மூடி தனி, உள்ளே இருக்கும் பச்சைப் பலகை தனி, விசிறி தனி, திருகாணிகள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே வந்த கூலிப்பெண் அம்சம், வேட்டி வந்ததும் குனிந்து, பச்சைப் பலகையை அப்பளம்போலப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடியும் நெல்லுக்குள் இறங்கினாள்.

"என்ன அம்சம் இது?"

"கம்ப்யூட்டருங்க. ஈரமா இருக்குதாம். வேணாம்னு தள்ளிட்டாங்களாம்."

"யாரு தள்ளுனா?"

"அதுக்குள்ளயே யாரோ இருக்காங்களாம்ல, அவங்கதான்."

இதைக் கேட்ட பிறகும் பால் வாங்கப் போகிறவள் நல்ல மனுஷியாக இருப்பாள். நான் வீட்டுக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்தேன். அன்று காபி இல்லை.

(வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் எதையாவது யாராவது வேண்டாமென்றால், அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லைச் சிறு கருவியில் போட்டு ஈரம் பார்ப்பார்கள். பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் 'காயவச்சுக் கொண்டாங்க' என்று மூட்டை திரும்பிவரும். பிறந்ததிலிருந்து திரும்பிவந்த மூட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய், ஒரு பொருள் தள்ளப்பட வேறு காரணமும் உண்டு என்று விளக்குவது எளிதில்லை. நான் மண் பரிசோதனை நிலையத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவள். விளக்கிப் பார்த்திருக்கிறேன்.)

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. எழுதிக் கைவிட்டவை கீழே.

கணினி என்பது இன்றைய மனிதனின்

(இதற்கு மேல் போனால் பள்ளி ஆண்டு மலரில்தான் போடுவார்கள்.)

பனி விலகாத கீழத்தஞ்சை வயல்வெளியில், கொக்கு ஒன்று

(கொக்குக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. பறந்து போகட்டும்.)

அந்தோணிமுத்துவின் மகள் லின்சிக்கு வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு.

இது நிற்கிறது. இதில் ஒரு பெண்ணும் ஒரு தேதியும் இருக்கின்றன. இங்கிருந்தே போகிறேன்.

லின்சி தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலி. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, இந்தத் தேர்வில் தேறினால். மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். இரண்டு தடவை தவறிவிட்டது. இந்தத் தடவையும் போனால் அந்தக் கதவு சாத்தியது சாத்தியதுதான். வீட்டிலிருந்தபடி, கதவடைத்த அறையில், கேமராவின் முன்னால் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். விடுதியில் அவளுக்கு அறையே நாலு பேரோடு. கணினிக் கடையில் எழுதக் கூடாது, கைபேசியில் எழுதக் கூடாது. ஆகவே அப்பா வீடு, அப்பா வீட்டுக் கணினி.

தேர்வுக்கு முன்னால் அந்தக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாளாக அது பாதிவரை வந்து நின்று ஒரே வாசகத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. 'இக்கணினியின் வன்பொருள் இம்மென்பொருளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.'

இருக்கலாமாம்! இல்லையென்றால் இல்லையென்று சொல்லித் தொலையேன். பெண் பார்க்க வந்து, பஜ்ஜியையும் சொஜ்ஜியையும் தின்றுவிட்டு, 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று செருப்பை மாட்டுகிறவர்களின் பேச்சு இது.

3

டேவிட்சனை எனக்குப் பிடிக்கவில்லை. நிஜ டேவிட்சனைச் சொல்லவில்லை. நேற்று நான் எழுதிவைத்த டேவிட்சனை. கணினி பழுதுபார்ப்பவன் என்றதும் தடித்த கண்ணாடி மாட்டி, திக்கிப் பேசவைத்து, பையில் பாதி தின்ற சமோசாவும் வைத்திருந்தேன். காலையில் படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். நிஜ டேவிட்சன் திருத்துறைப்பூண்டியில் கடை வைத்திருப்பவன், லுத்தரன் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன், தெளிவாகப் பேசுகிறவன். லின்சிக்கும் அவனுக்கும் ஏதாவது இருக்குமோ என்று நிமிர்ந்து உட்காரும் வாசகருக்கு: அவனுக்கு ஃபிளோரா இருக்கிறாள். கடையில் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை அவன் வந்து செய்ததை எல்லாம் வரிசையாக எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். அணைத்துப் போட்டான். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டுப் போட்டான். பழையதை நீக்கிவிட்டுப் போட்டான். இணையத்தை மாற்றிப் போட்டான். கடைசியில் பெட்டியைத் திறந்தான். நான் அங்கே இல்லை. அண்ணன் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"அவங்க கேக்குற பாதுகாப்புச் சில்லு இந்த போர்டுல இல்லண்ணே. மென்பொருள் உள்ள வந்து பாக்குது, இது சரிவராதுன்னு திரும்பிப் போயிடுது."

"எவ்வளவு காட்டுது?"

"எதுண்ணே?"

"ஈரம்."

டேவிட்சன் அந்த நேரம் விசிறிக்குப் பின்னால் இருந்த துருவைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடல் காற்றும் மாசிப் பனியும் எங்கள் ஊரில் எந்த இரும்பைத்தான் விட்டுவைக்கின்றன? "ஆமாண்ணே, ஈரமும் இருக்கு" என்றான். உண்மையைத்தான் சொன்னான். அதற்கு மேல் அண்ணன் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. புதுப் பலகை சென்னையிலிருந்து அடுத்த திங்கள்தான் வரும் என்றதோ, கடையில் இருப்பவை எல்லாம் செத்துப்போய் வந்தவை, டேவிட்சனுடையது இதைவிடக் கிழடு என்றதோ அவர் காதில் ஏறவில்லை. நோய் தெரிந்துவிட்டது. வைத்தியமும் கைவசம் இருக்கிறது. வெயில்.

4

புதன்கிழமை. நடந்ததை அப்படியே எழுதினால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். பரவாயில்லை.

நெல் வியாபாரி மருதையனிடமிருந்து அண்ணன் ஈரம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கிவந்தார். அதில் நெல் போட ஒரு சிறு குப்பி இருக்கும். பச்சைப் பலகை அதற்குள் போகாது. சாலையோரத்தில் பத்துப் பேர் கூடி யோசித்தார்கள். 'மூட்டையில ஒரு பிடிதான எடுத்துப் பாக்குறாங்க, முழு மூட்டையவா கொட்டுறாங்க?' என்று மருதையன் நியாயம் சொன்னார். எவர்சில்வர் கிண்ணத்திலிருந்த திருகாணிகளை அள்ளிக் குப்பியில் போட்டு மூடியை இறுக்கினார்கள்.

பன்னிரண்டு புள்ளி நாலு.

ஒரு பேருந்து நின்று, ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பாஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கணினியை மறுபடி பூட்டினார்கள். ஒரு திருகாணி மிஞ்சியது. போட்டதும் அது முன்னைக்கு இப்போது சத்தமே இல்லாமல் ஓடியது. கூட்டம் கைதட்டியது. மென்பொருள் பாதிவரை வந்தது. பொருந்தாமல் இருக்கலாம் என்றது.

"திருகாணிதான காஞ்சிருக்கு, பலகை காயல" என்றார் அண்ணன். மறுபடி வேட்டியை விரித்தார்.

அப்போது லின்சி போன் பண்ணினாள். அவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அப்பா, அத ரோட்டுலேர்ந்து எடுங்கப்பா. வண்டி ஏறிடும்."

"ஏறாதும்மா. டிரைவருங்ககிட்ட எல்லாம் சொல்லிவச்சிருக்கேன்."

"அது ஈரம் இல்லப்பா. விடுங்க. எனக்குக் கொடுத்துவச்சது இவ்வளவுதான்னு நெனச்சுக்குறேன்."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்ப்பா. இந்தத் தடவ நல்லாவே படிச்சேன்."

"அப்ப நீ படி. மிஷின நான் பாத்துக்குறேன்."

போனை வைத்துவிட்டு அவர் நெல்லுக்கு நடுவே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அழுதார். இதை வேடிக்கையாக எழுத இரண்டு முறை முயன்றேன். முடியவில்லை. அம்சம் மட்டும் அவரைச் சுற்றிக் கிளறிக்கொண்டே போனாள்.

5

(நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விழுந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை ஏன் எழுதவில்லை என்று இன்னும் சற்று நேரத்தில் நீங்களே கேட்பீர்கள்.)

முடிவுகளைப் பார்ப்போம். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: காய்ந்த கணினி ஏற்றுக்கொள்கிறது. பூண்டி மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது. கோயில் மணி அடிக்கிறது. எனக்குப் பக்தி உண்டு. ஆனால் இல்லாத சில்லை வெயில் முளைக்கவைத்தது என்று எழுத மண் பரிசோதனை நிலையத்து மனசாட்சி விடவில்லை.

இரண்டாம் முடிவு: தேர்வு நடத்துகிறவர்களே கூப்பிட்டு, 'உங்கள் சிரமம் புரிகிறது, தேதியைத் தள்ளி வைக்கிறோம்' என்கிறார்கள். சிரிக்காதீர்கள். எழுதித்தான் பார்த்தேன்.

மூன்றாம் முடிவு: லின்சி தேர்வை விட்டுவிட்டு, பிறந்த மண்ணிலேயே ஏழைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு, மாலை வெயிலில் வரப்பில் நடந்து போகிறாள். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இந்த மாதிரி முடிவை எழுதுகிறவர்கள் யாரும் நாலு பேரோடு ஓர் அறையில் ஐந்து வருடம் படுத்ததில்லை. இதை எழுதிய விரலை நானே

(வேண்டாம். ஆத்திரத்தில் உவமை தேடக் கூடாது.)

ஆக மூன்றும் உதவாது. ஒரு கதைக்கு முடிவு கிடைக்கவில்லை என்றால், எழுதுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம்.

6

பின்வரிசையில் வாசகர் ஒருவர் கையைத் தூக்குகிறார். "அம்மா, நீங்கள் இதையெல்லாம் எதில் எழுதுகிறீர்கள்?"

லேப்டாப்பில். போன ஐப்பசியில் வாங்கியது. டேவிட்சன் சொன்ன அந்தச் சில்லு அதில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை மத்தியானம் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்கிறவர் இல்லை. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, உங்கிட்ட ஒண்ணு இருக்குமே, மடிச்சு வக்கிறது. சனிக்கிழம ஒரு நாளு..."

"அது ரிப்பேருண்ணே."

ஒரு நொடிகூட யோசிக்காமல் வந்தது. காரணங்களைக் கேளுங்கள். ஒன்று, சனிக்கிழமைக்குள் இந்தக் கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு, என் பொருளை யாரும் தொடுவது எனக்குப் பிடிக்காது. இவை இரண்டும் பொய்யில்லை. மூன்றாவதுதான் நிஜம்: லேப்டாப்பைக் கொடுத்துவிட்டால் கணினி சாலையிலிருந்து வீட்டுக்குள் போய்விடும். அதோடு கதை முடிந்துவிடும். திருகாணியை அளந்தவர் அடுத்து என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அடுத்து அவர் செய்தது இது.

"அட, உன்னோடதுமா? இந்த வருஷம் பனியே சரியில்ல. கொண்டா, காயவச்சிருவோம்."

பொய் சொன்ன வாயால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஓடுகிற லேப்டாப்பை எதற்கு மறைக்கிறாய் என்று ஆகிவிடும். வியாழக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு வரை, ஒரு குறையும் இல்லாத என் லேப்டாப் தார்ச்சாலையில் வாயைப் பிளந்துகொண்டு காய்ந்தது. அரை மணிக்கு ஒரு தடவை அம்சம் அதைப் புரட்டிப் போட்டாள். இந்தக் கதையின் முதல் நாலு பாகமும் உள்ளே இருந்தபடி வெயில் காய்ந்தன. நான் எதிரே பூவரச மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் நான் எதற்கும் நின்றதில்லை.

நாலு மணிக்கு அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது.

"ஓடுது தங்கச்சி! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல!"

அவ்வளவுதான். இன்று வெள்ளிக்கிழமை காலை பொன்மணி நெல்லோடு சேர்ந்து மூன்று கைபேசி, ஒரு மிக்சி, ஒரு சுவர்க் கடிகாரம், மருதையன் வீட்டுத் தையல் இயந்திரத்தின் தலை ஆகியவை காய்கின்றன. ஊரே ஒரு விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. அதற்கு ஆதாரம் என் பொய்.

வெயில் தன் கூலியை எடுத்துக்கொண்டது. பேட்டரி உப்பிவிட்டது. மின்சாரத்தில் செருகியிருந்தால் ஓடுகிறது. பிடுங்கினால் அந்தக் கணமே அணைந்துவிடுகிறது.

லின்சி இன்று தஞ்சாவூரிலிருந்து வந்தாள். நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தை, அதுல என்ன ரிப்பேரு இருந்துச்சு?"

"ஓடல."

"வெயில்ல வச்சதும் ஓடுதா?"

"ம்."

நாடி பிடித்துப் பழகிய பெண். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நாளைக்குக் காலையில எட்டரைக்கு எடுத்துட்டு வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்வது சுலபம். உங்களுக்கு நாளை தேர்வு இல்லை.

7

சனிக்கிழமை. இந்தப் பாகத்தைப் பென்சிலில் எழுதுகிறேன். அண்ணன் வீட்டு ஆணியில் தொங்கிய போன வருடத்துக் கோயில் காலண்டரில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று தாளைக் கிழித்துக் கொடுத்தார். பின்பக்கம் வெள்ளை.

எட்டரைக்கு லின்சி என் லேப்டாப்பில் மென்பொருளை நிறுவத் தொடங்கினாள். பாதிவரை வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பாதியைத் தாண்டியது. பொருந்தாமல் இருக்கலாம் என்ற வாசகம் வரவில்லை. வேறொன்று வந்தது: 'வேறெந்தக் கோப்பும் திறந்திருக்கக் கூடாது. மூடிவிட்டுத் தொடரவும்.'

திறந்திருந்தது இந்தக் கதை. இங்கே கொண்டுவந்து மின்சாரத்தில் செருகியதும் ஒரு கமாவைத் திருத்தப் போய் மூடாமல் விட்டிருக்கிறேன். நான் அப்போது சுவரோரம் குனிந்து, மின்செருகி தளர்வாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் மூடுறேன் அத்தை."

ஒரு கோப்பை மூட ஒரு நொடி போதும். அவள் எடுத்துக்கொண்டது இரண்டு பக்கம் படிக்கிற நேரம். நான் நிமிரவில்லை. செருகியையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சேவ் பண்ணி மூடிட்டேன். ஆறாம் பாகம் வரைக்கும் இருந்துச்சு." குரலில் ஒன்றுமில்லை. ஊசி போடுமுன் நோயாளியின் பெயரைச் சரிபார்க்கிற குரல். "கதவச் சாத்திக்கிறேன். ஒரு மணி வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது."

இப்போது பத்தேகால். நானும் அண்ணனும் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். பட்டப்பகலில் வாசல் பல்பைப் போட்டுவைத்து இருவரும் அதையே பார்க்கிறோம். அது அணைந்தால் மின்சாரம் போனது என்று அர்த்தம். மின்சாரம் போனால் லேப்டாப் போகும், கேமரா போகும், மூன்றாவது தடவையும் போகும். ரிப்பேரே இல்லாத லேப்டாப்பை ரிப்பேர் என்று சொல்லி வெயிலில் போடவைத்தது நான். போடாமல் இருந்திருந்தால் இந்தப் பல்பைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

"பயப்படாத தங்கச்சி. உன்னோடது நல்லாக் காஞ்சிருக்கு. ஒண்ணும் ஆகாது" என்று அவர் எனக்குத் தைரியம் சொல்கிறார்.

ஒரு முறை பல்பு மினுக்கியது. இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். பிறகு நிலைத்தது. உட்கார்ந்தோம்.

மணி பத்தேமுக்கால். அவர் என் மடியைப் பார்க்கிறார்.

"வந்ததுலேர்ந்து என்னத்த எழுதுற?"

"கதைண்ணே."

"யாரப் பத்தி?"

"நம்மளப் பத்தித்தான்."

"நான் வர்றேனா?"

"வர்றீங்க."

"நல்லவனா வர்றேனா?"

"ஆமாண்ணே."

"நீ?"

குனிந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் கையை நீட்டுகிறார். "குடு, படிக்கிறேன். உள்ள பரிட்ச நடக்குது, சத்தம் போடாம படிக்கிறேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் அவர். உதட்டை அசைத்து, ஒரு வார்த்தை விடாமல், மெதுவாகத்தான் படிப்பார்.

வாசகரே, கதவு ஒரு மணிக்குத் திறக்கும். பல்பு அதுவரை எரியுமா, லின்சி வெளியே வந்து முதலில் யாரைப் பார்ப்பாள், என்ன சொல்வாள் என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். என் கணினி அவளிடம் இருக்கிறது. காகிதமும் இன்னும் சில வரிகளில் என் கையை விட்டுப் போய்விடும்.

ரிப்பேர் விஷயம் நவம்பர் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் உருவி இடுப்பில் செருகிக்கொண்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அக்டோபரும் டிசம்பரும் தனியாகவே ஒருமாதிரி ஓடும். ஒரு தடவை உருவினேன். திரும்ப வைத்துவிட்டேன். மூன்று தாளையும் வரிசையாக அடுக்கி, நவம்பரை நடுவில் வைத்து, அவரிடம் கொடுக்கிறேன்.